முற்றத்தில் ஒரு கதண்டுக் கூடு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டு முற்றத்துத் தென்னையில் கதண்டு கூடு கட்டியது. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர், எங்கள் மனைவி மக்கள், எங்கள் தாயார் ஆகிய அனைவரும் அடங்கிய ஒரே குடும்பம். காய் பறிக்க வந்தவர் பாதி மரம் ஏறியதும் மேலே பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் இறங்கி வந்து, "கடன்னல்" என்று மட்டும் சொல்லிக் கூலியும் வாங்காமல் போய்விட்டார். தமிழில் கதண்டு என்று நாம் வழங்குவதைத்தான் மலையாளத்தார் கடன்னல் என்கிறார்கள்.

எங்களில் மூத்தவர் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். கைப்பேசியில் பார்த்த படங்களால் அவனுக்குத் துணிவு மிகுந்திருந்தது. "நீளமான மூங்கில் ஒன்று போதும், அப்பா. துணியைச் சுற்றிப் பெட்ரோலில் நனைத்தால் ஐந்து நிமிட வேலை" என்றான். அதைக் கேட்டு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார். முப்பது ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அன்று இரவு சொல்ல வேண்டியதாயிற்று. அதையே இங்கும் எழுதுகிறோம்.

எங்கள் பெற்றோர் போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சீமையைச் சேர்ந்தவர்கள். போடிமெட்டு வழியாக மலையேறி, இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் லயத்து வீட்டில் குடியிருந்து வேலை செய்தார்கள். நாங்கள் அங்கேதான் பிறந்தோம். 1994-ஆம் ஆண்டு புரட்டாசி மாதம். மூத்தவருக்கு வயது பதினான்கு, இளையவருக்குப் பதினொன்று. லயத்துக்குப் பின்னே நின்ற நிழல் மரத்தில் பெரிய பானை அளவில் ஒரு கதண்டுக் கூடு தொங்கியது. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதென்று கங்காணி எல்லார்க்கும் சொல்லியிருந்தார். காய் எடுப்பவர்கள் சுற்று வழியில் போய் வந்தார்கள். எங்களுக்கோ அந்த வழியில்தான் ஓடை இருந்தது. ஓடையில் மீன் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பழந்துணியை மூங்கிலில் கட்டி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, கூட்டுக்கு நேரே நீட்டினோம். மூங்கிலை ஏந்தியவர் யார், தீக்குச்சி கிழித்தவர் யார் என்பதை இன்றுவரை நாங்கள் பிரித்துச் சொல்லிக்கொண்டதில்லை. கூட்டின் ஒரு புறம் மட்டுமே எரிந்தது. எரியாத புறத்திலிருந்தும், இரை தேடி வெளியே போயிருந்து திரும்பியவற்றிலிருந்தும் ஒரு படையே எங்கள்மேல் வந்தது. ஓடினோம். பாதையில் இளையவர் தடுக்கி விழுந்தார். அலறல் கேட்டு லயத்திலிருந்து ஓடிவந்த எங்கள் தந்தையார், தோளில் கிடந்த கம்பளியை எங்கள் இருவர்மீதும் போர்த்தி, அதன்மேல் தாமும் கவிழ்ந்து படுத்துவிட்டார். எங்களுக்கு விழுந்த கொட்டுகள் மூன்றோ நான்கோதான். ஐயாவின் தலையிலும் கழுத்திலும் கைகளிலும் விழுந்தவற்றை யாரும் எண்ணவில்லை.

கொட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு தடவினார்கள். தோட்டத்து மருந்தகத்தில் ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்றிரவு ஐயா கஞ்சி குடித்தார். "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்றார். நாங்களும் பிழைத்தோம் என்று தூங்கிவிட்டோம். மறுநாள் அவருக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. அதை வேலைக் களைப்பு என்று எண்ணி வெளியே சொல்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் சிறுநீரே இல்லை. முகமும் காலும் வீங்கின. வாடகை ஜீப்பில் கிடத்திப் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர் வாந்தி எடுத்தார் என்று தாயார் பின்னால் சொன்னார். போடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஐந்து முறை இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்த பிறகே சிறுநீரகம் மெல்ல மெல்ல வேலை செய்யத் தொடங்கியது.

நஞ்சு உடலில் மிகுதியாக ஏறினால் தசை நார்கள் சிதைகின்றன. இரத்தத்தின் சிவப்பணுக்களும் உடைகின்றன. அந்தச் சிதைவுகள் போய்ச் சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கின்றன. ஆகையால்தான் பல கொட்டுகள் வாங்கியவர் முதல் நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அதை நம்பலாகாது. இவ்வளவும் பின்னாளில் ஒரு மருத்துவர் சொல்லி நாங்கள் அறிந்தது. அன்று அறிந்திருந்தால் இரண்டு நாட்கள் வீணாகியிரா.

ஐயா உயிர் பிழைத்தார். ஆயினும் மலையேறி வேலை செய்யும் வலிமை திரும்பவில்லை. அக்காளை வேலந்தாவளத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா அழைத்ததன் பேரில் குடும்பம் முழுவதும் இங்கே இறங்கி வந்தது. எங்கள் பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. ஐயா 2016-இல் வயது முதிர்ந்து காலமானார். தீ வைத்தது யார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் பாரம் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நிற்க. இதைக் கேட்ட பிள்ளைகள் முதலில் கேட்ட கேள்வி, "அப்படியானால் குளவி இனத்தையே ஒழித்தால் என்ன?" என்பது. அதற்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. குளவி என்ற ஒரே பெயரில் நாம் பல உயிர்களை அழைக்கிறோம். வீட்டுச் சுவரிலும் சாமி படத்தின் பின்னும் ஈர மண்ணை உருட்டி வந்து கூடு கட்டும் மண்குளவி ஒரு வகை. அது தனியாக வாழ்வது. படை திரட்டி வருவதில்லை. கையால் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவதும் அரிது. புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலறச் செய்து, கூட்டுக்குள் வைத்து, முட்டையிட்டு வாயை மண்ணால் அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்த இரையைத் தின்று வளர்கிறது. புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறது என்று நம் பெரியோர் உவமை சொன்னார்கள். உண்மை சற்று வேறு. ஆயினும் அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று எங்கள் தாயார் இன்றும் அதைக் கலைக்க விடுவதில்லை. நம்பிக்கை எப்படியிருப்பினும், அந்தக் கூட்டால் தீங்கில்லை. குஞ்சு வெளியேறிய பின் சுரண்டி எடுத்தால் போதும்.

இறவாரத்தின் கீழும் இலைகளின் அடியிலும் மூடாத அடைபோல் சிறு கூடு கட்டும் குளவிகள் இன்னொரு வகை. அவற்றுள் ஓர் இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இராகவேந்திர கடக்கர் என்னும் அறிஞர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, 2001-இல் ஒரு நூலும் வெளியிட்டார். அந்த இனத்தின் அரசி மற்றவற்றை அடித்து ஆள்வதில்லையாம். கூட்டத்தில் அதுவே சாதுவாம். ஆட்சி செய்ய அதட்டல் வேண்டுவதில்லை என்பதைச் சங்கம் நடத்தும் நாமும் இதனிடம் கற்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவிகளும் உண்டு. 2020-இல் கேரளத்தில் மரவள்ளியைத் தாக்கும் புதிய மாவுப்பூச்சி ஒன்று கண்டறியப்பட்டது. அது தமிழ்நாட்டிலும் பரவியது. மருந்தடித்தும் தீரவில்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து, அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் கடுகினும் சிறிய குளவியை வரவழைத்து, 2022-இல் சேலம் மாவட்டத்தில் விடத் தொடங்கினார்கள். மலையில் கப்பை தின்று வளர்ந்த நாங்கள் இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினோம். கதண்டும்கூட வயல் புழுக்களைப் பிடித்துத் தின்பதுதான். அஞ்ச வேண்டியது அதன் கூட்டை அணுகும்போதுதான்.

கதண்டு மரத்தின் நாரைச் சுரண்டி, எச்சிலில் மென்று, காகிதம்போல் ஆக்கிக் கூடு கட்டுகிறது. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது ஒரு முறை கொட்டியதும் கொடுக்கைத் தோலில் விட்டுவிடுகிறது. கதண்டின் கொடுக்கு அப்படியன்று; ஒன்றே பல முறை கொட்டும். கொட்டும்போது வெளிப்படும் நஞ்சின் வாசனையே மற்றவற்றை அழைக்கிறது. கல்லெறிவதும், புகை போடுவதும், பகலில் தீ வைப்பதும் எவ்வளவு பேதைமை என்பது இதனால் விளங்கும். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் குளவி கொட்டித் தொழிலாளர் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. மலையில் உழைக்கும் நம்மவர்க்கு எங்கே போனாலும் இந்த இடர் உண்டு.

ஆகவே எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். மாதம் ஒரு முறை இறவாரம், கூரை இடுக்கு, மாட்டுத் தொழுவம், தாழ்ந்த கிளைகள் ஆகியவற்றைச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்க வேண்டும். கூடு எலுமிச்சை அளவில் இருக்கும்போதே கண்டால் வேலை எளிது. உதிர்ந்த பலா, மாம்பழங்களையும் மீன் கழிவுகளையும் முற்றத்தில் கிடக்க விடலாகாது. கள்ளுப் பானையையும் திறந்து வைக்கலாகாது. இனிப்பும் இறைச்சியும் கதண்டை அழைக்கும். தோட்டத்தில் கிளை கழிப்பதற்கு முன்னும் களையெடுப்பதற்கு முன்னும் மேலும் கீழும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கூடாகிவிட்டால் நாம் தொடவே கூடாது. அகற்றிப் பழகியவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையினர் வந்து அழிப்பதை நாளிதழ்களில் காண்கிறோம்.

கொட்டிவிட்டால் கூட்டை விட்டு வெகு தொலைவு ஓடிவிட வேண்டும். தேனீயின் கொடுக்குத் தைத்திருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த துணி வைக்கலாம். மூச்சுத் திணறல், நாக்கும் முகமும் வீங்குதல், மயக்கம் இவற்றுள் ஒன்று கண்டாலும், ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல கொட்டுகள் விழுந்தால் நலமாகத் தோன்றினும் போக வேண்டும். பின்வரும் நாட்களில் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108 என்ற எண் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றே. மலையாளம் பேச வராதவர்கள் "கடன்னல் குத்தி" என்ற இரண்டு சொற்களையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும். வனவிலங்குகளால் தாக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கும் 1980-ஆம் ஆண்டின் விதிகளில் தேனீயையும் கடன்னலையும் சேர்ப்பதென்று 2022-இல் கேரள அமைச்சரவை முடிவு செய்தது. காட்டினுள் கொட்டினாலும் வெளியே கொட்டினாலும் இது பொருந்தும். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐயாவின் மதுரைச் செலவுக்குத் தாயார் காதிலும் கழுத்திலும் இருந்ததெல்லாம் விற்றார். அந்த நாளில் இப்படி ஒரு வழி இல்லை.

எங்கள் தென்னைக்கு வருவோம். பக்கத்து வீட்டுச் சேட்டன் ஓர் ஆளைத் தேடித் தந்தார். நன்றாக இருட்டிய பின் அவர் வந்தார். தெருவிளக்கு நீங்கலாக நான்கு வீட்டு விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்; வெளிச்சம் கண்டால் கதண்டு அதை நோக்கி வருமாம். உடல் முழுதும் மூடும் உடையணிந்து ஏறி, கூட்டைச் சாக்கினால் மூடிக் கட்டி இறக்கிக்கொண்டு போனார். நாங்கள் கதவு சன்னல்களை அடைத்து உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தோம். சாக்கு தரையில் பட்டபோது உள்ளிருந்து எழுந்த இரைச்சல் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. தாயார் இளையவர் கையைப் பற்றிக்கொண்டார். மறு கையை மூத்தவர் பற்றியிருந்தார். அவன், பெட்ரோல் கேட்ட பிள்ளை, பாட்டியின் காலடியில் அசையாமல் இருந்தான்.

இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறன்று கூரையடியைச் சுற்றிப் பார்ப்பது அவன் பொறுப்பு. சென்ற மாதம் வந்து, ஐயாவின் படத்துக்குப் பின்னே மண்குளவி ஒன்று கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது என்று சொன்னான். கலைக்க வேண்டாம் என்றோம். கலைக்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றான்.