ஆங்கில வகுப்பில் ஒரு பாகப்பிரிவினை

சேலம், நாமக்கல் பக்கம் பி.காம். படிப்பவர்களுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம் என்றால் எப்படியாவது பாஸ் பண்ண வேண்டிய பேப்பர், அவ்வளவுதான். அதில் பிரிட்டிஷ் கலாச்சாரம் என்று வருவது பனி, தேநீர், டாஃபடில் பூ. ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பையனுக்கு அந்தப் பூ நோட்ஸில் மட்டும்தான் பூக்கும்.

படம் போட்டுக் காட்டலாம்தான். ஆனால் படத்தில் முதலில் கண்ணில் படுவது கவுனும் குதிரை வண்டியும். விஷயம் அதற்கு அடியில், சொத்தில் இருக்கிறது. காமர்ஸ்காரர்களுக்கு அந்த வழிதான் சுலபம்.

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' வந்தது 1811-ல். ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) அந்தக் கதையைத் தழுவியதுதான். (ரஹ்மான் பாட்டு தெரிந்த அளவுக்கு இது பலருக்குத் தெரியாது.) இரண்டிலும் ஒரு சாவு, கை மாறும் சொத்து, வீட்டை விட்டுக் கிளம்பும் அம்மாவும் மூன்று பெண்களும்.

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஆங் லீயின் 1995 படத்தில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். முதல் தாரத்து மகன் தங்கைகளுக்கு 3000 பவுண்டு கொடுக்க நினைக்கிறான். மனைவி பேசப் பேச நாவலில் அது 1500 ஆகிறது, பிறகு அம்மாவுக்கு வருஷம் 100, பிறகு எப்போதாவது 50, கடைசியில் சீசனுக்குக் கொஞ்சம் மீன்! யாரும் குரல் உயர்த்துவதில்லை. குரலே உயர்த்தாமல் கையை விரிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல ஆங்கிலப் பாடம் கிடைக்காது.

நாவலின் எட்வர்டுக்குப் பிடித்தது பாதிரியார் வேலை. தமிழில் அஜித்துக்கு சினிமா டைரக்டர் ஆசை. ஏன் மாற்றினார்கள் என்று வகுப்பில் கேட்கலாம். அந்தக் கால இங்கிலாந்தில் பெரிய பண்ணைகளைத் துண்டு போடாமல் ஒரே வாரிசுக்குக் கொடுப்பது வழக்கம். மற்ற மகன்களுக்கு சர்ச், ராணுவம், வக்கீல் தொழில். பெண்களுக்குக் கல்யாணம்தான் பிழைப்பு. சர்ச் வேலையையே நிலக்காரர் தன் இஷ்டப்படி தரலாம். எட்வர்டுக்கு அப்படித்தான் வருஷம் 200 பவுண்டு வருமானம் கிடைக்கிறது. இங்கே காட்டை அண்ணன் தம்பிகள் வரப்பு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள்.

அக்கா தங்கைகள்? தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்தது (அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும்). 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் "சீர் செஞ்சாச்சே கண்ணு" என்று சொல்லி சார்பதிவாளர் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண் 3000 பவுண்டு மீனாகும் கதையைப் படித்தால், அவளுக்கு நோட்ஸ் தேவைப்படாது.