பின்னறைப் பாடல்கள்

எங்கள் பங்கு இல்லத்தின் பின்னறையில், பணி ஓய்வு பெற்ற மூத்த குரு ஒருவர் ஈராண்டுகளாக என்னோடு தங்கியிருக்கிறார். வயது எண்பத்து நான்கு. நடை நின்றுவிட்டது; எழுத்துகளும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. செவி மட்டும் பழுதின்றி இருக்கிறது. வந்தபோது அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் துணிகள் சில, மீதியெல்லாம் கேசட்டுகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டுத் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தபின், ஆர்மோனியமும் தபேலாவுமாக ஊர்தோறும் பாடகர் குழுக்கள் தழைத்த காலத்தில் குருவானவர் அவர். தாம் பணியாற்றிய பங்குகளில் எல்லாம் பாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். தையல் தொழிலாளி ஒருவர் ஆர்மோனியம் வாசிக்க, பீடி சுற்றும் பெண்கள் பாடிய பாடல்கள் அவை. இடையிடையே குழந்தைகளின் இருமல் கேட்கும். ஒரு நாடாவில் ஓட்டின்மேல் மழை விழும் ஓசை பாடலையே விழுங்கிவிடும்.

நாடாக்கள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. தொண்ணூறு நிமிட நாடாவைக் கணினியில் ஏற்றத் தொண்ணூறு நிமிடங்கள் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது. திருப்புகழ்மாலை செபித்துக்கொண்டும் மறையுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் அவற்றை ஏற்றி முடித்தேன். சீட்டுக்கட்டு அளவேயுள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் அவற்றைச் சேர்த்து, என் அலுவலறை அலமாரியில் வைத்தேன். பெரியவரின் கட்டிலருகே ஒரு டேப்லெட். மாலை மூவேளைச் செபம் முடிந்ததும் உதவிக்கு இருக்கும் பையன் அதைத் தொட்டுக் கொடுப்பான். பின்னறையில் பாடல் எழும்.

கடந்த தவக்காலத்தில் ஒரு நாள் அது நின்றுபோயிற்று. 'சர்வர் எதுவும் காணப்படவில்லை' என்று டேப்லெட் காட்டுவதாகப் பையன் வந்து சொன்னான். நான் அலமாரியைப் பார்த்தேன். சிறு கணினியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன், பயனில்லை. "பிறகு பார்ப்போம்" என்றேன். மந்திரிப்புகள், சிலுவைப்பாதை, ஒப்புரவு வழிபாடு, மூன்று சாவுகள். 'பிறகு' என்னும் அந்தச் சொல் பத்தொன்பது நாள் நீண்டது. பெரியவரோ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவருக்கும் தவக்கால மௌனம் பிடித்திருக்கிறது போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆன்ம சோதனை பற்றிக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் பயின்றவன் நான்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய இரவு உறக்கம் வராமல் டேப்லெட்டைக் கையில் எடுத்தேன். இணையம் நன்றாக இயங்கியது. செய்தி வந்தது, படம் வந்தது. பாட்டு மட்டும் இல்லை. சிறு கணினியின் முகவரி 192.168.0.50 என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை உலாவியில் தட்டி, 8200 என்ற எண்ணையும் சேர்த்தேன். பாடல்களின் எண்ணிக்கையோடு சர்வரின் பக்கம் உடனே திறந்தது! முகவரி சொல்லிச் சென்றால் வாயில் திறக்கிறது. பெயர் சொல்லாமல் அழைத்தால் மறுமொழி இல்லை.

பிறகுதான் டேப்லெட்டின் சொந்த முகவரியைப் பார்த்தேன். 192.168.1 என்று தொடங்கியது. சர்வருக்கோ 192.168.0. ஒரே கூரையின்கீழ் இரண்டு வலைகள்!

காரணம் நானே. எங்கள் இல்லம் பழைய கட்டடம். பின்னறைச் சுவர் ஏறத்தாழ இரண்டடிக் கனம். வைஃபை அங்கே எட்டாததால், வெளிநாட்டிலுள்ள தங்கை மகளோடு பெரியவர் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்து மாட்டியிருந்தேன். நல்ல எண்ணம்தான். இத்தகைய டேப்லெட், "இங்கே பாடல் வழங்குவோர் எவரேனும் உண்டா?" என்று 239.255.255.250 என்னும் பொது முகவரிக்குக் குரல் கொடுக்கிறது. கேட்கும் சர்வர் மறுமொழி தருகிறது. ஆனால் அந்தக் குரல் தன் வலைக்குள் மட்டுமே ஒலிக்கும். ரவுட்டர் அதைத் தாண்ட விடுவதில்லை. டேப்லெட் பத்தொன்பது நாளும் அழைத்திருக்கிறது. அலுவலறைக்கு அது எட்டவேயில்லை.

திருத்தம் எளிது. புது ரவுட்டர் தானாக முகவரிகளை வழங்குவதை நிறுத்தினேன், அதற்கு 192.168.0.2 என்று மோதாத முகவரி ஒன்றைக் கொடுத்தேன். 'வான்' என்று குறித்த துளையிலிருந்த கம்பியைப் பிடுங்கி, அருகிலுள்ள 'லேன்' துளையில் செருகினேன். டேப்லெட்டை அணைத்துப் போட்டதும் சர்வரின் பெயர் தோன்றிற்று. மணி பன்னிரண்டரை.

மறுநாள் மாலை நானே போய்ப் பாடலைப் போட்டேன். பெரியவர் தலையணையிலிருந்து சற்றே எழுந்தார்.

"மறுபடி அனுமதி கிடைத்துவிட்டதா, தம்பி?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பொறுமையாகக் கேட்டபின்புதான் சொன்னார். முன்னொரு மாலை நிதிக்குழு கூடியிருந்தபோது, நான் கதவருகே வந்து, "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், சாமி" என்று சொன்னேனாம். சொன்னேன்தான், எனக்கு நினைவிருந்தது. அடுத்த சில நாளில் பாடல் நின்றது. வீட்டுக்கு இடைஞ்சல் என்று நான் நிறுத்திவிட்டதாகவே எண்ணியிருக்கிறார். கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று கேட்காமலிருந்திருக்கிறார்.

ரவுட்டர், கம்பி, முகவரி என்று நான் ஏதேதோ விளக்கினேன். அவர் கண்ணை மூடி மழைப் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு காதில் வாங்கினாரோ தெரியாது. விளக்கத்தை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "உட்காரும், இதில் அடுத்த அடியில் தையற்காரர் சுருதி தப்புவார், பாரும்" என்றார். தப்பினார்.

பாஸ்காவுக்குப் பின் நிதிக்குழு மீண்டும் கூடியது. முற்றத்து வேம்பின் அடியில் நாற்காலிகளைப் போடச் சொன்னேன்.