விழுந்தவர் என்ன சொல்கிறார்?

"எளிதாக்கிட்டா அப்புறம் அது என்ன கேம்?" புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளிடம் நான் வடிவமைக்கும் லெவல்களை ஆடக் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். 'டார்க் சோல்ஸ்', 'செகிரோ' என்று செத்துச் செத்துப் பழகியவர்கள். அவற்றில் எளிய நிலையைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. வென்றவருக்கு அதுதான் பெருமை. அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும் அக்காவுக்குக் கிடைப்பது தூங்குவதற்கு முன் அரைமணி நேரம். ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் போனைக் கீழே வைத்துவிடுவார்.

இருவரையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று புரியும். தோற்றது இருவருக்குமே பிரச்சினை இல்லை. ஏன் தோற்றோம் என்று தெரியாததுதான் கோபம்.

2018இல் வந்த 'செலஸ்டே'யை, இந்த இருவருக்கும் இடம் கொடுப்பதற்காகவே கொண்டாடுகிறேன். கடுமையான கேம்தான். ஆனாலும் விளிம்பைத் தாண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு போன பிறகும் தாவ விடுகிறது. திறமைசாலிக்கும் இந்தச் சலுகை உண்டு, அவர் கவனிப்பதுகூட இல்லை. அதற்கும் மேலே உதவி வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். இதனால் யாருடைய வெற்றியும் சிறுத்துவிடவில்லை.

2023இல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் கொண்டுவந்த 'வெண்பா' வேறு வகை. அழிந்துபோன எழுத்துகளோடு இருக்கும் அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து, எல்லா இட்லிக்கும் ஆவி போகும்படி தட்டுகளை அடுக்க வேண்டும். தவறினால் மறுபடி செய்யலாம், தண்டனை இல்லை. சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பார்கள் தீவிர ஆட்டக்காரர்கள். நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமலே அடுக்கிவிடுவார்கள். அடுப்படிப் பக்கமே போகாத 'செகிரோ' வீரன் அங்கேதான் திணறுவான். கடினம் பாதி திரையில் இருக்கிறது. மீதி, ஆடுகிறவர் அதுவரை எதில் பழகியிருக்கிறார் என்பதில்.

ஆகவே சோதனையின்போது யார் எங்கே விழுகிறார் என்பதைவிட, விழுந்ததும் என்ன சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். "அவசரப்பட்டுட்டேன்" என்றால் பள்ளம் அப்படியே இருக்கட்டும். "எங்கேருந்து வந்துச்சு?" என்றால் கேமராவைத் தள்ளி, முள்ளை முன்கூட்டியே காட்டுவேன். எதிரியின் பலத்தில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். உதவிகளுக்கு 'ஈசி' என்று பெயர் வைப்பதில்லை. வேகம், உயிர், எதிரியின் அடி என்று தனித்தனியாகப் பிரித்து, ஆட்டத்தின் நடுவிலும் மாற்றும்படி பாஸ் மெனுவிலேயே வைத்துவிடுகிறேன்.