மாடிக்குப் போன தோட்டம்

கொழும்பிலே ‘தோட்டம்’ என்னுஞ் சொல்லுக்கு மரமும் செடியும் பொருளல்ல. பொதுக்குழாய் ஒன்றையும் பொது மலசலகூடம் ஒன்றையும் நடுவிற் கொண்டு, சுவரோடு சுவர் முட்டி நிற்கும் வீட்டு வரிசைகளையே அச்சொல் குறிக்கும். துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் உழைத்தோர் வாடகைக்கிருந்த அவ்வரிசைகளுட் பல, 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தின் பயனாய் உரிமையாளர் கைநீங்கி அரசின் பொறுப்பில் வந்தன. அவற்றை இடிப்பதா, திருத்துவதா என்ற வினா இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

திருத்துவதே நன்றென எண்ணிய காலமும் ஒன்றிருந்தது. 1984இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம், மக்களுக்குச் சிறுகடன் வழங்கி அவர்களையே கட்டிக்கொள்ளச் செய்தது. செலவு சிறிது, நிலமும் மக்களிடமே நின்றது. 1998இல் கணக்கு மாறிற்று. தோட்டங்கள் நிற்கும் நிலமோ பெருவிலை பெறுவது. குடும்பங்களை மாடிகளில் அடுக்கி, விடுபடும் நிலத்தை முதலீட்டாளருக்கு விற்றால் அப்பணமே மாடிகளைக் கட்டிவிடும், அரசு திறைசேரி கைதிறக்க வேண்டியதில்லை என்றனர். இதற்கெனக் கம்பனி ஒன்றும் நிறுவப்பட்டது. பேஸ்லைன் வீதியருகே 671 வீடுகளுடன் 2001இல் எழுந்த சகஸ்புர இவ்வெண்ணத்தின் முதற்பேறு.

தாளிலே இக்கணக்கு அழகானது. ஆயின், நிலம் விடுபட வேண்டுமாயின் மாடி முன்னரே எழுந்திருத்தல் வேண்டும். மாடி எழ வேண்டுமாயின் நிலம் முன்னரே விலைபோயிருத்தல் வேண்டும். இந்த இடைவெளியைக் கடன்தான் நிரப்புகிறது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை 1,000 கோடி ரூபாவைக் கடன்முறிகளால் திரட்டியது. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, 5,500 வீடுகளை நோக்காகக் கொண்டு 20 கோடி டொலர் கடனுக்கு இசைவளித்தது. கடனுக்கு வட்டியுண்டு, நிலம் விற்கும்வரை வட்டி காத்திருப்பதில்லை. பல மாடிகளிற் குடியேறியோரும் நீண்டகாலத் தவணைகளிற் பணஞ் செலுத்தலாயினர்.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்றவனல்லன். கொழும்புக்கு வேலையாக வந்த முதலாண்டுகளில் எனக்கு இரவுணவு தந்தவர் ஒரு தோட்டத்து அக்கா. வாசலில் அடுப்பை வைத்து அப்பமும் இடியப்பமும் விற்றே இரு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அவரது தோட்டமும் இடிபட்டது. இப்போது அவர் எட்டாம் மாடியில் இருக்கிறார். எந்தத் திட்டத்தின் மாடி என்பது இங்கு வேண்டுவதன்று. குறைகளை மட்டுமே கூறுதல் நேர்மையாகாது. வீட்டினுள்ளேயே மலசலகூடம் உண்டு. மழைக்கு முழங்காலளவு நீர் ஏறுவதில்லை. வரிசையில் நின்று குளித்து வளர்ந்த மகளுக்கு இதைவிடப் பேறில்லை.

ஆனால் அக்கா ஒரு கோப்பை எடுத்து என் முன் விரித்தார். ஒருபுறம் பழைய வீட்டின் வரிப்பற்றுச்சீட்டுகள், மின்பட்டியல்கள், மேல்தட்டு எழுப்பியபோது வாங்கிய சீமெந்துக்கான துண்டுகள். மறுபுறம் புதிய வீட்டின் தவணைச் சீட்டுகள். உறுதி எங்கும் இல்லை.

“தம்பி, வீட்டையும் எடுத்துட்டு எங்ககிட்டயே காசும் கேக்கிறாங்களே, இது என்ன கணக்கு?” என்றார்.

வணிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில், நிலத்தின் விலை, கட்டுமானச் செலவு, வட்டி என விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, “அதுல எங்கட பழைய வீடு எந்தப் பக்கம்?” என்றார். எப்பக்கத்திலும் இல்லை. சீட்டுப் பிடித்தும் நகை ஈடுவைத்தும் அவர் எழுப்பிய சுவர்களை எவரும் மதிப்பிட்டதில்லை. அவருக்கு அது முதல். இத்திட்டக் கணக்கிற்கோ அகற்ற வேண்டிய இடிபாடு. அம்முதலை வரவில் வைத்தால் தவணையிற் பெரும்பகுதி கழிந்துபோகும் என்பதே என் துணிபு.

மாலையாயிற்று, அக்கா மா புளித்துவிட்டதா எனப் பார்க்க எழுந்தார். அப்பம் வாங்க எட்டாம் மாடிக்கு எவரும் ஏறிவருவதில்லை. மகன்தான் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுசெல்கிறான். மின்தூக்கி பழுதாகும் நாட்களில் வியாபாரம் பாதியாகும்; அம்மாதத் தவணை பிந்தும்.