ஊசியா, கத்தியா? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



எங்கள் இளைய மகள் உதட்டுப் பிளவுடன் பிறந்தாள். நான்காம் மாதத்தில் அறுவை செய்து உதட்டை இணைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பால் குடித்தாள், பேசினாள், மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்தாள். உதட்டின் மேல் ஒரு தழும்பும், இடப்பக்கம் சரிந்து தட்டையான மூக்கும் மட்டும் அவளுடனேயே வளர்ந்தன.

அவளுக்கு 19 வயதானபோது ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். நிக்காஹுக்கு முன் மூக்கை மட்டும் கொஞ்சம் சரிசெய்துவிடலாமே என்றும் சொன்னார்கள். இரண்டு மாதமே இடையில் இருந்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவளுடைய சாச்சி, "இப்பல்லாம் கத்தியே வேண்டாம் லாத்தா. ஒரே ஊசி, அரை மணி நேரத்துல மூக்கு நிமிர்ந்துடும்" என்று ஆறுதல் கூறினார்.

நகரத்து அழகுச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குச் சென்றோம். விலைப்பட்டியலைக் காட்டி, இன்றே போட்டுவிடலாம் என்றார்கள். அவள் முன்பு அறுவை செய்துகொண்டவளா என்று ஒருவரும் கேட்கவில்லை. கையிலிருந்த பணம் போதாததால் திரும்பி வந்தோம். அந்தக் குறைவையும் அல்லாஹ்வின் அருளாகவே இன்று எண்ணுகிறோம்.

பின்னர், பிளவு அறுவையில் பழகிய பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைச் சந்தித்தோம். அவர் பொறுமையுடன் விளக்கினார். சாச்சி சொன்ன ஊசி ஃபில்லர் எனப்படும். பெரும்பாலும் அது ஹயலூரானிக் அமிலக் கூழ். பள்ளத்தை நிரப்பும், ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் கரைந்துவிடும், பிறகு மீண்டும் போட வேண்டும். பிடிக்காவிட்டால் வேறொரு மருந்தைச் செலுத்திக் கரைக்கவும் இயலும். ஆனால் மூக்கின் இரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புடையவை. கூழ் தவறிக் குழாய்க்குள் சென்றால் தோல் அழுகக்கூடும். மிக அரிதாகப் பார்வையே போகக்கூடும். முன்பே அறுவை கண்டு தழும்பேறிய மூக்கில் அந்த ஆபத்து கூடுதல். மேலும், ஃபில்லர் மேட்டை உண்டாக்குமே தவிர, சரிந்த குருத்தெலும்பைத் தூக்கி நிறுத்தாது. போடாக்ஸ் ஊசியோ தசையைத் தளர்த்தி மூன்று, நான்கு மாதம் சுருக்கத்தை மறைப்பது, இதற்குப் பயன்படாது.

அறுவைக்கும் அதற்குரிய விலை உண்டு. முழு மயக்கம் தர வேண்டும். விலா எலும்பருகிலிருந்து குருத்தெலும்பு எடுக்க நேரலாம். இரத்தக் கசிவோ தொற்றோ ஏற்படலாம். மறு அறுவையும் தேவைப்படலாம். மூக்கு நுனியின் வீக்கம் முற்றிலும் வடிய ஓராண்டு ஆகும். ஊசியைப் போல் இதைக் கரைத்துத் திரும்பப் பெற இயலாது.

இவ்வளவையும் கூறிவிட்டு, மருத்துவர் எங்கள் மகளிடம் திரும்பி, "இடது பக்கம் மூச்சு வருதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் அவள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மூக்கு பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று 19 ஆண்டுகள் கவலைப்பட்டோம். அதன் வழியே அவள் எப்படி மூச்சு விடுகிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓதும்போது குன்னா சரியாக வரவில்லை என்று உஸ்தாத் திருத்திய நாட்களில், கவனமில்லாமல் ஓதுகிறாள் என்று நாங்களும் கடிந்திருக்கிறோம்.

மார்க்கத்தின் நிலையை அறிய எங்கள் மஹல்லா ஆலிமிடம் சென்றோம். அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பை முதலில் நினைவூட்டினார். அடுத்து, போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னார். அவர் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்து பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்பது அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. உதட்டுப் பிளவு, மூக்கின் கடுமையான கோணல் போன்ற பிறவிக் குறைகளைச் சீர்செய்வது கூடும் என்று, 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் முடிவு கூறியிருக்கிறது. "ஊசியா கத்தியா என்பதை வைத்துச் சட்டம் மாறாது, எதைச் சரிசெய்கிறீர்கள், எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை வைத்தே மாறும்" என்றார் ஆலிம். உடலில் செலுத்தும் பொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டறியவும் சொன்னார்.

இஸ்திகாரா தொழுதோம். முடிவை மகளிடமே விட்டோம். மூச்சுக்காக அறுவை செய்துகொள்வதாகச் சொன்னாள். உதட்டுத் தழும்பையும் அப்போதே திருத்தலாம் என்று மருத்துவர் கூறியதற்கு, "அது வலிக்கவுமில்லை, எதையும் அடைக்கவுமில்லை. இருக்கட்டும் உம்மா" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு மாதத்தில் ஆகாது என்பதைத் தெரிவித்தோம். அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. எங்களுக்கு அது வலித்தது, அதை மறைப்பதற்கில்லை.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் குனியக் கூடாது என்றதால், அமர்ந்து சைகையால் தொழுதாள். கட்டின் மேல் மஸ்ஹு செய்து ஒளு எடுத்தாள். இப்போது ஓராண்டு நிறைந்துவிட்டது. மூக்கு முழுமையாக நேராகிவிடவில்லை. உற்றுப் பார்த்தால் சிறு சாய்வு தெரியும். ஆனால் ஃபஜ்ருக்குப் பின் அவள் ஓதுவதை அடுத்த அறையிலிருந்து கேட்கிறோம். குன்னா தெளிவாக வருகிறது.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய கேள்வி எழுந்தால், முகத்தைப் பார்க்க வருவோரைக் கேட்கும் முன், அந்த முகத்துக்கு உரியவரைக் கேளுங்கள். தகுதி பெற்ற மருத்துவரிடம் பழைய சிகிச்சைக் குறிப்புகளைக் காட்டுங்கள். எது எத்தனை நாள் நிலைக்கும், எதைத் திரும்பப் பெற இயலாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காக அவசரப்படாதீர்கள்.

நம் பிள்ளைகளின் வேதனையை உரிய காலத்தில் அறியும் உள்ளத்தை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.