எண்ணெய் படிந்த கைகள்

இராயபுரம் தொடர்வண்டி நிலையம் 1856-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி அங்கிருந்தே புறப்பட்டது. புறப்படுதல் அன்று தொட்டே வடசென்னைக்குப் பழகிய ஒன்று. துறைமுகத்தை நம்பி வாழ்ந்தோர் பலர். அத்துறைமுகத்தைத் தாண்டிச் சென்று உழைத்தோரும் பலர். நம் அத்தா இரண்டாம் வகையினர்.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் பிட்டராக இருந்த அவர், 1982-ஆம் ஆண்டு குவைத்துக்குச் சென்றார். அந்நாட்டுப் புர்கான் வயலில் 1938-இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1946-இல் முதல் ஏற்றுமதி நிகழ்ந்தது. குழாய் பொருத்தவும் வால்வு பழுதுபார்க்கவும் அப்பாலைநிலத்துக்கு அயல்நாட்டுக் கைகள் தேவைப்பட்டன. கோடையில் 50 பாகை செல்சியசைத் தொடும் வெயில். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரு திங்கள் விடுப்பு. நாம் அத்தாவை அறிந்ததெல்லாம் பெரும்பாலும் கடிதங்களாலும், ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய குரலாலுமே.

1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. பல வாரங்கள் கடிதமில்லை. அம்மா ஃபஜ்ருத் தொழுகை முடித்து வானொலியருகே அமர்ந்திருப்பார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்தான் நாட்டு அம்மான் நகரிலிருந்து விமானங்களில் மீட்கப்பெற்ற காலம் அது. பம்பாயில் வந்திறங்கி, சென்ட்ரல் நிலையம் வந்து சேர்ந்த அத்தாவின் கையில் ஒரேயொரு துணிப்பை இருந்தது. அதனுள் நமக்கென வாங்கிய பேனா ஒன்று.

அவ்வாண்டு பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘அலுவலர்’ என்று எழுதினோம். கையொப்பமிட வாங்கிய அத்தா அதனைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அச்சொல்லை மெல்ல அடித்துவிட்டு, ‘பிட்டர்’ என்று தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

பின்வாங்கிய படையினர் 1991-இல் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தனர். கடைசிக் கிணறு நவம்பர் 6-இல் அடைக்கப்பெற்றது. மறு ஆண்டே அத்தா மீண்டும் புறப்பட்டார். ‘இனிப் போக வேண்டாங்க’ என்று அம்மா அழுதார். அக்காவின் திருமணமும் நம் படிப்பும் முன்னே நின்றன. 2003 வரை உழைத்தார். நம் ஆய்வியல் நிறைஞர் பட்டம் அவ்வுழைப்பின் விளைச்சலே.

வகுப்பில் பட்டினப்பாலை நடத்தும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவே எழும். செல்வம் கொழிக்கும் காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பினும் துணைவியைப் பிரியேன் என்று செலவைத் தவிர்க்கிறான் அதன் தலைவன். செலவைத் தவிர்க்க இயலாதவர்களின் அன்பு அதனினும் குறைந்ததா என்று மாணவரை வினவுவது நம் வழக்கம்.

2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் படர்ந்தது. இளைஞர்கள் வாளிகளால் அதனை அள்ளினர். செய்தியறிந்த அத்தா, நம்மை அழைத்துக்கொண்டு திருவொற்றியூர்க் கடற்கரைக்கு வந்தார். எண்ணெயில் முழங்கை வரை தோய்ந்து நின்ற மாணவன் ஒருவனிடம், ‘தம்பி, பெட்ரோல் போட்டுக் கழுவாதேப்பா. தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடு. முகத்தில் துணி கட்டிக்கொள்’ என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, ‘அங்கே எங்களுக்குக் கையுறையாவது கொடுத்தார்கள்’ என்றார். இருட்டும் வரை அவ்விடம் விட்டு அகலவில்லை. அவர் எத்தகைய வேலை செய்தார் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம். அப்போது நமக்கு வயது முப்பத்தேழு.

2021-இல் அத்தா மறைந்தார். குளிப்பாட்டும்போது அவர் வலக்கையைப் பற்றியிருந்தோம். மணிக்கட்டில் சுடுகுழாய் பட்டு வெந்த பழைய தழும்பு. அது எந்த ஆண்டு ஏற்பட்டது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்க்கும் பணி நமக்கு வாய்த்திருக்கிறது. அந்த ஓரிடத்தில் தயங்கும் பேனாக்களைப் பார்க்கிறோம். அன்பு மாணவர்களே, உங்கள் தந்தை சுமை தூக்குகிறாரா, வலை வீசுகிறாரா, அயல்நாட்டில் குழாய் பொருத்துகிறாரா, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதுமுன் அவர் கையை ஒருமுறை பற்றிப் பாருங்கள். தழும்பு இருப்பின் அதன் கதையைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இறைவன் நம் அத்தாவின் உழைப்பை ஏற்று, பிழை பொறுத்து அருள்வானாக.