கைமுதலும் நட்டக் கணக்கும்

தமிழில் ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் மூலதனத்தையும் ஒருங்கே குறிக்கும். தில்லி அரசுப் பள்ளிகளில் 2021-இல் தொடங்கிய ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டம் இவ்விரண்டையும் இணைத்தது. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் கைமுதல் அளித்து, குழுவாகத் தொழில் செய்யப் பணித்தது.

விற்காமல் தேங்கிய சரக்கையும் கடன் சொல்லிப் போன வாடிக்கையாளரையும் கூட்டாளியுடனான பிணக்கையும் கரும்பலகை கற்பிப்பதில்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை நட்டத்தை அனுபவமென்று கடந்துவிடும். கூலித் தொழிலாளியின் மகளுக்கோ அது வீட்டுக் கடன். அரசு தரும் கைமுதல், அவளுக்கும் ஒருமுறை தோற்றுப் பார்க்க இடமளிக்கிறது. ஆயின், இலாபம் ஈட்டிய குழுக்களை மட்டுமே மேடையேற்றினால் அவ்விடம் பறிபோகும். நட்டக் கணக்கை ஒளிக்காது எழுதி, அதன் காரணத்தை விளக்கும் மாணவிக்கும் மதிப்பெண் கிடைக்க வேண்டும்.